அருவிப் பனியன்

இன்று காலை திருவையாற்றுப் படித்துறை. கூட என் பெரியப்பா மகன், அண்ணன். ஐரோப்பாவில் ஹோட்டல் வேலை. லீவில் வந்து நான்கு நாள் ஆகிறது.

நான்கு நாளும் வீட்டில் ஒரே பேச்சு, அங்கே அவர் பார்த்த தேசியப் பூங்காதான். ஏரிக்குக் கீழே ஏரி, நடுவிலெல்லாம் அருவி.

“தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்டா. ஆனா ஒருத்தன் கால் நனைக்க முடியாது. பலகைப் பாதைய விட்டு எறங்குனா ஃபைன். நம்ம ஜனங்களும் இருக்குதுங்களே!”

இன்று அவருக்குச் சனி தோஷப் பரிகாரம். முழுக்குப் போட்டு, உடுத்திய துணியை ஆற்றோடு விட வேண்டுமாம். படிக்குக் கீழே ஏற்கெனவே வேட்டி, நைட்டி, ஜட்டி என்று ஊரார் பாவமெல்லாம் ஊறி நாறிக்கொண்டிருந்தது.

முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து மூன்று முழுக்குப் போட்டார். பனியனைக் கழற்றி அந்தக் குவியல் மேலேயே போட்டார். அதன் நெஞ்சுப் பக்கம் அருவிப் படம். அந்தப் பூங்காவில் வாங்கியது.

நான் அதை எடுக்கக் குனிந்தேன்.

“டேய், தொடாத! என் சனி உன்னப் புடிச்சுக்கும்!”

“அண்ணே, அங்க இப்படிப் போடுவீங்களா?”

“அங்க ஃபைன் போடுவான்டா. இது காவேரி. எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிரும்.”

பனியன் போட்ட இடத்திலேயே கிடந்தது. அண்ணன் புது வேட்டியில் செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

எனக்கும் அதே பனியன் ஒன்று வாங்கி வந்திருக்கிறார். போட்டுக்கொள்ளக் கூசுகிறது. எல் சைஸ், யாருக்காவது வேண்டுமா? இன்னும் பிரிக்கவில்லை, சனியும் பிடிக்கவில்லை.