காரணம்: பூப் பார்க்க

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது ஏழாம் வகுப்பு. நாலு பேர் கூடிய இடத்தில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் இருபத்திரண்டு வருஷமாகத் துணி கிழித்துக் கொடுக்கிறவன் பயணக் கட்டுரை எழுதுவது பலருக்குச் சிரிப்பாக இருக்கும். சிரிக்கட்டும். ஜப்பானைப் பற்றிப் படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் அந்த ஊரை இன்னும் பார்க்கவில்லை. சாலையிலிருந்து அங்கே புறப்படுவது எப்படி என்பதை மட்டும், கொழும்பில் கப்பலுக்குக் காத்திருக்கும் இந்த இரண்டு நாளில் எழுதுகிறேன்.

எங்கள் கடையில் ஜப்பான் பட்டு விற்கிறோம். கட்டுக்குக் கட்டு ஒரு படச்சீட்டு ஒட்டி வரும். இலை இல்லாமல் இளஞ்சிவப்பாகப் பூத்த ஒரு மரம். அதன் கீழே பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஜனங்கள். நம் ஊரில் முருக்கும் இலவும் இலை உதிர்த்துப் பூக்கின்றன. அதனால் மரம் எனக்கு அதிசயமாகப் படவில்லை. அந்த ஜனங்கள்தான் அதிசயம். பம்பாய்க் கம்பெனி ஒன்றுக்கு ஆர்டர் எடுக்க வரும் சங்கரலிங்கம் என்ற திருநெல்வேலிக்காரர், ஜப்பானில் கோபே துறைமுகத்தில் இரண்டு வருஷம் இருந்தவர். அவரிடம் கேட்டேன்.

"இவங்க என்ன செய்யுதாங்க?"

"ஒண்ணும் செய்யல அண்ணாச்சி. பூவைப் பாக்காங்க. கடையைக்கூட அடைச்சிட்டு வந்து உக்காந்திருப்பாங்க."

"கோயில் விசேஷமோ?"

"கோயிலும் இல்ல குளமும் இல்ல. சும்மா."

சாலையில் ஒரு நிமிஷம் நின்றால் இந்தப் பக்கத்துக் கடைக்காரர் "என்ன வேணும்?" என்பார், அந்தப் பக்கத்துக் கடைக்காரர் "யாரைத் தேடுதீரு?" என்பார். ஆயிரம் பேர் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க, யாரும் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்காத ஒரு நாளை நான் பார்க்க விரும்பினேன். மனைவி காலமாகி ஒன்பது வருஷம் ஆயிற்று. பிள்ளைகள் இல்லை. கடையைக் கவனிக்கத் தம்பி இருக்கிறான். போவதென்று முடிவு செய்து பஞ்சாங்கத்தை எடுத்தேன். இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். சித்திரை ஒன்றாம் தேதி விஷு கழிந்து புறப்படுவதாக நாள் குறித்தேன்.

தை பதினெட்டாம் தேதி சங்கரலிங்கம் மறுபடி வந்தபோது இதைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்திருந்த இரண்டு அம்மாமார் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது நம்ம பஞ்சாங்கத்து வசந்தம்லா! அங்கே பங்குனிப் பாதியிலே பூ விரிஞ்சு பத்து நாள்ல கொட்டிப் போயிரும். நீரு விஷுக் கஞ்சி குடிச்சிட்டுப் போனா, கொட்டின பூவை வாரியலை வச்சுத் தூத்துட்டு இருப்பான். கொழும்பிலேருந்து கோபேக்கு மூணு வாரம். மாசி இருபதுக்குள்ளே கப்பல் ஏறணும் வே."

கைவசம் ஒரு மாதம்தான் இருந்தது. பாஸ்போர்ட்டுக்கு மனுக்கூடக் கொடுத்திருக்கவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்குச் சர்க்கார் கச்சேரிக்குப் போனேன். சாலையிலிருந்து ஒரு மைல் இருக்கும், நடந்தே போனேன். பாஸ்போர்ட்டு மனு வாங்குகிறவர் நரைத்த மீசைக்கார மலையாளி, தமிழும் பேசுவார். மனுவை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளே, இந்த இடம் காலியாக் கிடக்குதல்லோ. ஜப்பானுக்கு எந்தினு? என்ன காரியம்?"

பூ, மரம், பாய் விரித்த ஜனங்கள் எல்லாம் தொண்டை வரை வந்தன. பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள். எனக்கு வாயில் வந்தது ஒரே சொல்.

"சும்மா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சும்மாவோ!" என்று சிரித்தார். "செரி, செரி" என்று காகிதத்தை மேஜை இழுப்பறைக்குள் வைத்தார். அந்த "செரி"யைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, சந்தோஷமாக வெளியே வந்து அரைச் சக்கரக் காசுக்குச் சர்பத் குடித்தேன்.

தை முடிந்தது. மாசி பத்து ஆயிற்று. ஒரு தகவலும் இல்லை. பதினோராம் தேதி தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். குமாஸ்தாவுக்கு என்னை நன்றாக ஞாபகம் இருந்தது.

"அது பிள்ளை சும்மா பறஞ்சதுதானே?" என்றார்.

இழுப்பறையைத் திறந்தார். என் மனு வைத்த இடத்திலேயே இருந்தது. எங்கள் ஊரில் மலையாளத்திலும் சரி, தமிழிலும் சரி, விளையாட்டுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டுச் "சும்மா" என்றால் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டதாக அர்த்தம். காரணம் கேட்டதற்கு நான் சும்மா என்றதும், இந்த ஆள் மனசு மாறிவிட்டார், கேலியாகச் சொல்லிவிட்டுப் போகிறார் என்று நினைத்திருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். இருபத்திரண்டு நாள் அந்த ஒரு சொல்லில் போயிற்று.

அவருக்கும் வருத்தம்தான். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. யாவாரம்னு எழுதித் தாரும். நீர் ஜப்பான் பட்டு விக்கிற ஆள்; ஒரு சோத்யமும் வராது. நாலஞ்சு நாளிலே கிட்டும். வேற ஏதும் எழுதினா மேலே உள்ளவங்க நூறு கேள்வி கேப்பாங்க."

தம்பி என் காதருகே வந்தான். "எழுதிருங்க அண்ணே. இது என்ன பெரிய பொய்யா? வரும்போது ரெண்டு மாதிரித்துணி கொண்டாந்தா அதுவும் மெய்யாயிரும்."

அவன் சொன்னது நியாயம். அது நியாயமாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திருநெல்வேலியில் கல்யாணத்துக்குப் போனாலும் வரும் வழியில் வேட்டிக் கட்டு எடுத்து வந்திருக்கிறேன். சுசீந்திரம் தேர் பார்க்கப் போய் நாகர்கோவிலில் விலை விசாரித்திருக்கிறேன். என் மனைவியின் பதினாறு கழிந்த மறுநாள் மதுரைக்குச் சரக்கெடுக்கப் போனேன். வாழ்க்கையில் ஒரு தடவை, ஒரே தடவை, வாங்காமலும் விற்காமலும் ஒரு ஊருக்குப் போகக் கடல் தாண்டுகிறேன். அதற்கும் யாவாரம் என்று என் கையாலேயே எழுத வேண்டுமா?

பேனாவை வாங்கினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "பூப் பார்க்க" என்பதற்கு மூன்று வார்த்தை எழுதினேன்.

குமாஸ்தா அதைப் படித்தார். "அப்போ நேரமாகும் பிள்ளே. மாசி கழியும்."

"கழியட்டும்" என்றேன். ஒரு கச்சேரிக்குள் நான் இவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. பின்னால் நின்றவர்கள் இந்தத் தடவை எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை.

செய்தி எனக்கு முன்னால் சாலைக்கு வந்து சேர்ந்தது. நான் "பூப்பிள்ளை" ஆனேன். எதிர்க்கடை அரிசி வியாபாரி தினமும் காலையில் கூப்பிடுவார்: "பூப்பிள்ளை! கிழக்கேகோட்டையிலே பிச்சி வந்திருக்காம், முழம் ஒரு சக்கரம். கப்பல் கூலி மிச்சம்லா!" வேறு சமயமாக இருந்தால் பின்சந்து வழியாகப் போயிருப்பேன். அந்த நாட்களில் வேண்டுமென்றே நடுத்தெருவில் நடந்தேன்.

மேலேயிருந்து கேள்விகள் வந்தன. அங்கே உறவினர் யாராவது உண்டா? இல்லை என்று எழுதினேன். ஏதாவது சங்கத்தில் சேர்ந்தவரா? இல்லை. துணைக்கு யார் வருகிறார்கள்? யாருமில்லை. குமாஸ்தாவே ஒவ்வொன்றையும் வாசித்துச் சொல்லி, பதிலில் எழுத்துப் பிழையும் திருத்தித் தந்தார். மாசி இருபது போயிற்று. மாசியே போயிற்று. பங்குனி ஒன்பதாம் தேதி பகல் இரண்டு மணிக்குப் பாஸ்போர்ட்டு என் கைக்கு வந்தது.

கடையில் தம்பி விரல்விட்டு நாள் எண்ணினான். கொழும்பிலிருந்து அடுத்த கப்பல் பங்குனி பதினாறு. கோபே சேரும்போது சித்திரை பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும்.

"பூ பூராவும் கொட்டிப் போயிருக்குமே அண்ணே. அடுத்த வருஷம் போலாம்லா?"

"இப்பவே போறேன்."

"இனி அங்கே என்னத்தைப் பாக்க?"

"பூ கொட்டினா மரமும் கூடவே போயிருமா? மரத்தைப் பாக்கேன்."

"பூவில்லாத மரத்திலே என்ன இருக்கு?"

"பாத்துட்டு வந்து சொல்லுதேன்."

அவன் உள்ளே போய், என் டிரங்குப் பெட்டிக்குத் தடித்த கம்பளி ஒன்று எடுத்து வந்தான். அங்கே குளிரும் என்று யாரோ சொன்னார்களாம்.

பங்குனி பன்னிரண்டு, காலை ஏழு மணிக்குக் குதிரைவண்டி கூப்பிட்டேன். சாலையிலிருந்து தம்பானூர் ஸ்டேஷன் அரை மைல்தான், பெட்டிக்காகத்தான் வண்டி. வண்டிக்காரர் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எவிடேக்கு முதலாளி, இத்தற கனமா?" என்றார்.

"ஜப்பானுக்கு."

"தம்பானூர் வரைக்கும் மூணு சக்கரம். அதுக்கு மேலே குதிரைக்கு நீந்தத் தெரியாது. ஆமா, அங்கே என்ன காரியம்?"

"சும்மா" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவரே, "அதுவும் நல்லதுதானே?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு குதிரையைத் தட்டினார்.

தூத்துக்குடிக்குக் கொல்லம் வழியாகத்தான் ரயில். கொல்லம் நாற்பது மைல். ரயில் நகர்ந்து பேட்டை தாண்டியதும் தென்னந்தோப்புகள் தொடங்கின. ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். பொய் எழுதியிருந்தால் பூவைப் பார்த்திருப்பேன். ஆனால் சரக்கெடுக்க வந்த ஆளாகத்தான் அந்த மரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் ஒருவரும் கேட்காவிட்டாலும் எனக்குத் தெரியும். இப்போது வெறும் மரம்தான் கிடைக்கும். அதைப் பார்க்க எனக்கு முழு உரிமை உண்டு. அதை யாரிடமும் விளக்க வேண்டியதில்லை.

எதிரே இருந்த பயணி எங்கே போகிறீர் என்று கேட்டார். சொன்னேன். என்ன வேலையாக என்று கேட்டார். வேலையில்லை என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நானும் கண்ணைத் தாழ்த்தாமல் அவரைப் பார்த்தேன்.

மறுநாள் காலை தூத்துக்குடியில் இறங்கினேன். கொழும்புக் கப்பலுக்கு ஆட்களை ஏற்றும் படகு மாலை நாலு மணிக்குக் கிளம்பியது.