வாய் கட்டாதவள்

என் மனைவிக்கு வந்த நோய்க்கு நாங்கள் முதலில் வைத்த பெயர் சூடு. எங்கள் பக்கம் கண் எரிந்தாலும் சூடு, மூக்கில் ரத்தம் வந்தாலும் சூடு. வெளிக்கிப் போகும்போது ரத்தம் வந்தால் மட்டும் வேறு என்னவாக இருந்துவிடப் போகிறது? எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னேன், இளநீர் வெட்டிக் கொடுத்தேன், ஒரு வருஷத்தை அப்படியே ஓட்டினேன். எழுபதுகளின் நடுவில் அது. ஓமலூர்ப் பக்கத்தில் எங்களுக்கு மஞ்சள் வெள்ளாமை, வீடு காட்டுக்குள்ளேயே. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோளத்தட்டுப் போருக்கு அந்தப் பக்கம் ஓடுவாள். எத்தனையோ வைத்தியம் யோசித்த எனக்கு, வீட்டை ஒட்டி ஒரு கக்கூஸ் கட்டிக் கொடுக்கலாம் என்று தோன்றவில்லை.

எலும்பும் தோலுமாக ஆன பிறகுதான் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். குழாய் விட்டுப் பார்த்தவர், இது சீதபேதியும் இல்லை, மூலமும் இல்லை, பெருங்குடல் முழுக்கப் புண் என்றார்.

"கிருமியோட சண்டை போட உடம்புல எதிர்ப்புச் சக்தின்னு ஒண்ணு இருக்குது. இவங்களுக்கு அது சொந்தக் குடலையே அடிக்குது. அதை அடக்கத்தான் இந்த மாத்திரை."

"காவலுக்கு வெச்ச நாய் ஊட்டுக்காரனையே கடிக்கிற மாதிரிங்களா?"

"அப்படி வெச்சுக்கலாம்."

"எதனால அப்பிடி ஆகுதுங்க?"

"தெரியலைங்க. யாருக்கும் இன்னும் சரியாத் தெரியாது."

அந்த ஒரு வார்த்தையில் அவர் மேல் இருந்த மரியாதை போய்விட்டது. தெரியாது என்று கேட்கவா பஸ் ஏறி வந்தோம் என்று வெளியே வந்து அவளிடம் எரிந்து விழுந்தேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். அவள் மாத்திரைச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மாத்திரை கேட்டது. ரத்தம் நின்றது. ஆனால் முகம் ஊதிப்போனது. பார்த்தவர்கள் தேறிவிட்டாள் என்றார்கள். மாத்திரையைக் குறைத்தால் மறுபடி ரத்தம். இரண்டு வருஷம் இப்படியே இழுத்த பிறகு, கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு நாட்டு வைத்தியர் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. குடசப்பாலைப் பட்டைக் கஷாயம் இரண்டு வேளை, மோரில் மஞ்சள் தூள் ஒரு வேளை என்றார். மஞ்சள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. காட்டில் கையை வெட்டிக்கொண்டால் அதைத்தானே அப்புகிறோம். வெளிப்புண்ணை ஆற்றுவது உள்புண்ணை ஆற்றாதா? என் காட்டில் விளைகிற மருந்துக்கு அஸ்தம்பட்டி எதற்கு? இங்கிலீஷ் மருந்தும் இதுவும் ஒத்துப்போகாது என்று வைத்தியர் சொன்ன அன்றைக்கே மாத்திரையை நிறுத்தினேன். நிறுத்தியது நான்தான், அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பத்தியம் கடுமையானது. புளி, மிளகாய், கத்தரிக்காய், கருவாடு, ஊறுகாய் எதுவும் கூடாது. உப்பைக்கூட வறுத்துத்தான் போட வேண்டும். அவளும் அந்தச் சப்பென்ற கஞ்சியைக் குடித்துக்கொண்டு எங்களுக்குக் காரசாரமாக ஆக்கிப் போட்டாள். மூன்று மாதம் நன்றாக இருந்தாள். முகத்து வீக்கம் வடிந்து பழைய ஜாடை திரும்பியது. நான் சந்தைக்குப் போன இடத்தில் எல்லாம் மஞ்சள் புராணம் படித்தேன்.

நாலாவது மாதம் ரத்தம் வந்தது. வைத்தியர் நாடி பிடித்துவிட்டு அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மருந்து பொய்க்காதுங்க. எங்கியோ வாய் கட்டலை."

அன்று பிடித்தது எனக்குப் பேய். ஊறுகாய் ஜாடியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். புளிப்பானையில் அளவுக்குக் கோடு போட்டேன். அவள் போன விருந்து வீடுகளில் எல்லாம் என்ன தின்றாள் என்று விசாரித்தேன். ஒன்றும் தின்னவில்லை என்று அவள் சத்தியம் செய்யச் செய்ய எனக்கு ஆத்திரம் ஏறியது. உண்மையைச் சொல்கிற வரைக்கும் இந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு மூன்று நாள் டீயும் தண்ணீருமாகக் கிடந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து முன்னால் நின்றாள்.

"ஆமாங்க. கருவாட்டுக் கொழம்பு தின்னுட்டேன். நாக்கு கேக்கலைங்க."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷம். மருந்து பொய்க்கவில்லை, அவள் பிழைத்துக்கொள்வாள். அவளே இலை போட, வயிறு முட்டச் சாப்பிட்டேன். பிறகு வைத்தியரிடம் ஓடினேன். அவர் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார். பங்காளிகளிடமும் அவள் செய்த காரியத்தைச் சொல்லிச் சொல்லிக் குறைப்பட்டேன்.

கஷாயம் இறங்க இறங்க ரத்தம் கூடியது. வயிறு உப்பிக் காய்ச்சல் கண்ட பிறகுதான் சேலத்துக்குத் தூக்கிப் போனோம். அதே டாக்டர் வந்து பார்த்தார். பத்தியத்தை முறித்துவிட்டாள் என்று நான் ஆரம்பித்தேன்.

"சாப்பாட்டால வந்ததில்லைங்க இது. மஞ்சள்லயோ பட்டையிலயோ அந்த எதிர்ப்பைத் தணிக்கிற சத்து ஏதாவது இருக்கலாம். எவ்வளவு கொடுக்கணும், யாருக்குக் கேக்கும்னு இன்னும் தெரியாது. மாத்திரையை மட்டும் நீங்க நிறுத்தியிருக்கக் கூடாது" என்றார். குடலில் ஓட்டை விழுந்துவிட்டது, அறுத்தாலும் தாங்குவாளா என்பது சந்தேகம் என்றும் சொன்னார்.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"அன்னைக்கு நான் எதையும் திங்கலைங்க."

"அப்பறம் எதுக்குப் புள்ள அப்பிடிச் சொன்னே?"

"நீங்க மூணு நாளாச் சோறு திங்காமக் கெடந்தீங்க."

மறுநாள் அறுவை செய்தார்கள். அதற்கு அடுத்த நாள் போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் பந்தலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பங்காளி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் எத்தனை வைத்தியம் பாத்தீங்க. நல்ல மருந்துதான். அம்மிணிதான் வாய் கட்டலை" என்றார். சுற்றி இருந்தவர்கள் ஆமாங்க என்றார்கள். இல்லை, அவள் எதையும் தின்னவில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஊரில் இன்றைக்கும் அவளைப் பற்றி அப்படித்தான் சொல்கிறார்கள்.