யானைத் தொடை வேடியப்பன்

அரூர்ப் பக்கம் வறண்டு கிடந்த பழைய ஆற்றுப்படுகையைச் சுற்றி அரசாங்கம் கம்பிவேலி போட்டு, 'பாதுகாக்கப்பட்ட புதைபடிவப் பகுதி' என்று பலகை நட்டது. காவலுக்குப் பெரியண்ணனைப் போட்டார்கள். வேலிக்குள் நெடுங்கல்லாக நின்ற வேடியப்பன் சாமிக்குப் பூசாரியும் அவர்தான். காக்கிச் சட்டையைப் போட்டால் காவலாளி, கழற்றினால் பூசாரி.

பூசையில் பாதி திட்டுதான். மழை பெய்யவில்லையா, மாடு கறக்கவில்லையா, எண்ணெய் தடவிக்கொண்டே, "உனக்கெல்லாம் தெனமும் குளியல் ஒரு கேடு!" என்பார். பெண்டாட்டி போன பிறகு அவர் பேச்சை முழுசாகக் கேட்டது அந்தச் சாமி ஒன்றுதான்.

ஒரு நாள் புதைபடிவ ஆய்வாளர் பானுமதி வந்து சாமியைத் தட்டிப் பார்த்தார். ஒரு சில்லு பெயர்ந்து கையோடு வந்தது.

"ஐயா, இது கல்லு இல்லீங்க. லட்சக்கணக்கான வருசத்துக்கு முந்தி ஆறு அடிச்சிட்டு வந்து பொதைச்ச யானையோட தொடை எலும்பு. சென்னைக்கு எடுத்துட்டுப் போகணும்."

"அடப்பாவிங்களா, தழை திங்கற யானைக்கா இத்தனை கெடா வெட்டுனோம்!" என்று தலையில் அடித்துக்கொண்டார் ஊர்ப் பெரியவர் வெங்கடாசலம்.

பெரியண்ணன் சாமிக்கு முன்னால் போய் மறித்து நின்றார். யானையோ பூனையோ, அது போய்விட்டால் நாளைக்கு யாரைத் திட்டுவது?

"பூ கேக்காம சாமியத் தொடக் கூடாதுங்க" என்றார். வெள்ளைப் பூ ஒரு இலைப் பொட்டலத்தில், சிவப்புப் பூ இன்னொன்றில். வெள்ளை வந்தால் சாமி சம்மதம். பொட்டலம் கட்டியவர் அவரே.

பானுமதி ஒன்றை எடுத்துப் பிரித்தார். செம்பருத்தி.

"உத்தரவு இல்லீங்க!" என்று துள்ளினார் பெரியண்ணன்.

"சரிங்க. அந்த இன்னொன்னையும் பிரிங்க."

பெரியண்ணன் சட்டென்று அதை இலையோடு வாயில் போட்டு மென்றார். "பிரசாதங்க" என்றார். உதட்டோரம் சிவப்புச் சாறு வழிந்தது.

பானுமதி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "ஏங்க இப்படி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வூட்ல பேச ஆளில்லீங்க."

பானுமதி பெயர்ந்த சில்லைத் திருப்பிப் பார்த்தார். 'எடுத்தால் நொறுங்கும். இங்கேயே கூரை போட்டுக் காக்கவும்' என்று அறிக்கையில் எழுதினார். "இனிமே எண்ணெய் தடவாதீங்க. திட்டிக்கலாம்."

ஜீப் கிளம்பியதும் பெரியண்ணன் நேராகச் சாமியிடம் போனார்.

"பூவத் தின்னு உன்னைக் காப்பாத்துனவன் நானு. கும்புடு மட்டும் உனக்கா?"