காதுகுத்துக்கு வந்த கூட்டணி

எங்கள் தெருவில் நாலாம் வகுப்பு வந்தும் காது குத்தாமல் இருந்த ஒரே பெண்பிள்ளை நான்தான். கூடப் படித்தவர்கள் ஜிமிக்கி, வளையம், பிளாஸ்டிக் பூ என்று விதவிதமாக மாட்டிக்கொண்டு வர, நான் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டைத் திருடி இரண்டு காது மடலிலும் ஒட்டிக்கொண்டு போவேன். மத்தியானத்துக்குள் வியர்த்து ஒன்று கழுத்துக்கு இறங்கியிருக்கும். 'மொட்டைக் காது' என்பதுதான் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு கொடிக்கம்பம்.

திருத்தங்கலில் எங்கள் தெரு முக்கில் எதிரெதிராக இரண்டு கட்டடங்கள் உண்டு. ஒன்று அப்பா கட்சியின் மன்றம். இன்னொன்று மாமா கட்சியின் படிப்பகம். மாமா என்றால் அம்மாவுடன் பிறந்த அண்ணன். மன்றத்துக்கு அப்பா செயலாளர், படிப்பகத்துக்கு மாமா. மன்றத்தில் கேரம் போர்டு இருந்தது, படிப்பகத்தில் டிவி இருந்தது. காலையில் இரண்டிலும் ஒரே பேப்பர்தான் வந்து விழும். மன்றத்தில் ஒருவர் சத்தமாக வாசித்தால் நாடு முன்னேறிக்கொண்டிருக்கும். அதே பக்கத்தைப் படிப்பகத்தில் வாசித்தால் குட்டிச்சுவராகிக்கொண்டிருக்கும். பட்டாசுத் தொழிலைக் காக்கப்போவது தங்கள் தலைவர்தான் என்று இரண்டு சுவரிலும் எழுதியிருந்தார்கள். யாரிடமிருந்து காப்பார் என்று கேட்டால், கேட்டவருக்கு எதிர்ச்சுவரைக் காட்டுவார்கள்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஓர் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. ஒருநாள் விடிந்தபோது படிப்பகத்துக் கொடிக்கம்பம் தரையோடு சாய்ந்து கிடந்தது. லாரி இடித்தது என்று மன்றத்தில் சொன்னார்கள். லாரிக்கு ரம்பப் பல் உண்டா என்று படிப்பகத்தில் கேட்டார்கள். மாமா எங்கள் வாசலில் வந்து நின்று அப்பாவிடம் நேராகக் கேட்டார். அப்பா, தனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் போதும். "தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன் மச்சான், அது கட்சி விசயம்" என்றாராம். இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று மாமா போய்விட்டார். என் காதுகுத்துக்குப் பத்திரிகை அடித்து மஞ்சள் தடவி வைத்திருந்த சமயம் அது.

பத்திரிகைகளை அடுப்புக்குள் திணித்துவிட்டு அம்மா ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவது. இல்லையென்றால் குத்தவே வேண்டாம்.

அதன்பிறகு அப்பா எத்தனையோ நல்ல நாள் பார்த்துச் சொன்னார். அம்மா காது கொடுத்தே கேட்கவில்லை. மாமா பட்டாசு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டினார். அம்மா வேலைக்குப் போனது அந்த வழியில் இருந்த இன்னொரு கம்பெனிக்கு. காலையில் அவள் சாப்பாட்டுத் தூக்குடன் நிற்கும் இடத்தை மாமாவின் வேன்தான் முதலில் கடக்கும். கொஞ்சம் வேகம் குறையும். பிறகு போய்விடும். இருவரும் பேசிக்கொண்டதில்லை.

நான் நாலாம் வகுப்பு படித்த அந்தச் சட்டமன்றத் தேர்தல் வருஷம் பங்குனி பிறப்பதற்கு முன்பே வெயில் ஏறிவிட்டது. அப்பாவால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. அவர் வேலை பார்த்த அச்சாபீஸில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மன்றத்துக்கு ஓடிவருவார், மன்றத்திலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து மறுபடியும் மன்றத்துக்கு. அப்படி ஒரு சாயங்காலம்தான் டிவியில் அப்பா கட்சித் தலைவரும் மாமா கட்சித் தலைவரும் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். அப்பா டம்ளரைப் பிடித்தபடி அப்படியே நின்றார். முந்தின வாரம்தான் மன்றத்துப் பையன்கள் படிப்பகத்துக்கு எதிரே ஒரு வசவை எழுதியிருந்தார்கள். அவர்களே சுண்ணாம்பு வாளியோடு போய் அதை அழித்தார்கள்.

அம்மா ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்ப நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போகலாம்ல?"

"தலைமை எடுத்த முடிவு. நம்ம கட்டுப்பட வேண்டியதுதான்" என்றார் அப்பா, என்னவோ தியாகம் செய்கிறவர் மாதிரி.

அம்மா போவதற்குள் மாமாவே வந்துவிட்டார். கையில் அல்வாவும் காராசேவும். வாசல்படியில் கொஞ்சம் தயங்கி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, "வரலாமா மாப்ள?" என்றார். "வாங்க மச்சான், இதென்ன கேள்வி" என்றார் அப்பா. அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. பாத்திரங்களின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மாமா என்னைப் பக்கத்தில் இழுத்து வைத்து, காது மடலைத் தொட்டுப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த பொட்டு அவர் விரலோடு வந்துவிட்டது. அவர் அதைக் கீழே போடாமல் என் நெற்றியில் வைத்தார்.

தேர்தல் முடிந்து காதுகுத்தை வைக்கலாம் என்று அப்பா சொன்னார்.

"தேர்தல் முடியுற வரைக்கும் இது நிக்குமான்னு யாரு கண்டா? வார ஞாயித்துக்கிழமையே வைங்க" என்றாள் அம்மா.

தொகுதிப் பங்கீடு அதற்குள் தொடங்கியிருந்தது. எங்கள் தொகுதி தங்களுக்குத்தான் என்று இரண்டு கட்சியும் கேட்டன. சின்னம் தெரியாமல் சுவர்களெல்லாம் வெறும் வெள்ளையாகக் காத்துக் கிடந்தன. மன்றத்து ஆட்களும் படிப்பகத்து ஆட்களும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் டிவி பார்த்தார்கள். பேச்சு இழுபறி என்று அப்பா சாப்பாட்டில் கைவைக்க மாட்டார். சுமுகம் என்றால் இரண்டு தட்டுச் சோறு சாப்பிடுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் நான் கேட்பேன்: "அப்பா, கூட்டணி இருக்கா?" என் அரசியல் ஆர்வத்தில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. மன்றத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கோ படுக்கையில் புரண்டு புரண்டு காது மடலை நசுக்கிப் பார்ப்பதிலேயே பொழுது போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமாவின் வேனிலேயே கிளம்பினோம். எங்கள் குலதெய்வம் காரியாபட்டிப் பக்கம், ஒரு கண்மாய்க்கு உள்வாயில், கரைக்கு உட்புறமாக இருக்கிறது. வேனின் முன்பக்கத்தில் இரண்டு கட்சிக் கொடியும் சேர்த்துக் கட்டியிருந்தது. மன்றத்து ஆட்களும் படிப்பகத்து ஆட்களும் பின்னால் பைக்குகளில் வந்தார்கள். கோயில் முன்னே பெரிய பிளக்ஸ். இடது பக்கம் ஒரு தலைவர், வலது பக்கம் ஒரு தலைவர், நடுவே நான். அச்சாபீஸில் யாரோ கம்ப்யூட்டரில் எனக்குக் கம்மல்கூடப் போட்டுவிட்டிருந்தார்கள்.

கோயிலடியில் போனுக்கு டவர் கிடைக்கவில்லை. கண்மாய்க் கரைமேல் ஏறினால்தான் கிடைத்தது. சென்னையில் கடைசிக் கட்டப் பேச்சு நடந்துகொண்டிருந்த நாள் அது. ஆண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் கரைமேல் ஏறுவதும், போனைத் தூக்கிப் பிடிப்பதும், இறங்கி வருவதுமாக இருந்தார்கள். ஆடு வெட்டி, கறி கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா தேங்காய் பழத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கரையையே பார்த்தார். பூசாரி திருநீறு கொடுத்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

மாமா வீட்டு அத்தை பட்டுப்பாவாடையும் தங்கக் கம்மலும் வைத்த தட்டுகளைக் கொண்டுவந்து இறக்கினாள். பாவாடை கட்டிவிட்டு என்னை மாமாவின் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி காது மடலில் மஞ்சளால் புள்ளி வைத்தார். மாமாவின் மடி வேனைப் போல டீசலும் வெயிலும் மணத்தது. "இங்கன பாரு மருமகளே, அந்த மரத்துல ஒரு கிளி இருக்கு" என்றார். பார்த்தேன். கிளி இல்லை. சுருக்கென்று வலது காது எரிந்தது. நான் அலறியதைப் பெண்களின் குலவை அமுக்கிவிட்டது.

குலவை முடியவும் கரைமேலிருந்து மன்றத்துப் பையன் ஒருவனின் சத்தம் வந்தது.

"அண்ணே! பேச்சு முறிஞ்சுபோச்சுண்ணே! நம்மாளுக வெளிய வந்துட்டாகளாம்! டிவில ஓடுதாம்!"

அவ்வளவுதான். பந்தியில் உட்கார்ந்தவர்கள் எழுந்தார்கள். முதுகெலும்பில்லாத கட்சி என்று ஒருவர் சொல்ல, முதுகில் குத்துகிற கட்சி என்று இன்னொருவர் சொன்னார். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். படிப்பகத்துப் பையன் ஒருவன் ஓடிவந்து மாமாவின் முன்னால் நின்றான்.

"எந்திரிங்கண்ணே. துரோகிக வீட்டு விசேசத்துல நீங்க மடி போட்டு உக்காந்திருந்தா, நாளைக்கு எங்க மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்க?"

ஆசாரி ஊசியைப் பிடித்தபடி யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் இருந்தார். மன்றத்து ஆட்கள் அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். அப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டு அம்மாவிடம் வந்து, தணிந்த குரலில் சொன்னார்: "சரி விடு. இன்னொரு காதுதான. என் மடியில வச்சுக் குத்திக்கிடுவோம்."

"உங்க மடியில குத்துறதா இருந்தா ஒரு வயசுலயே குத்தியிருப்பேன்ல?" என்றாள் அம்மா. அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. சட்டையைப் பிடித்தவர்களின் கைகள்கூடக் கொஞ்சம் தளர்ந்தன. பிறகு மாமாவின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க எந்திரிச்சா பிள்ள ஒத்தக் காதோடதான் திரியும். நான் வேற யாருகிட்டயும் குடுக்க மாட்டேன். உங்க இஷ்டம்."

மாமாவின் கை என் வயிற்றைச் சுற்றி இறுகியது.

"ஆசாரி, அடுத்த காதப் பாருங்க" என்றார். "மெதுவாக் குத்துங்க. அவசரமில்ல."

ஆசாரி குனிந்தார். "அங்கன இல்ல ஆசாரி, கொஞ்சம் கீழ" என்றார் மாமா. புள்ளியை அழித்துவிட்டு வேறு வைத்தார்கள். "அந்தக் காதுக்கு நேரா இருக்கான்னு பாருங்க." பார்த்தார்கள். "ஊசிய ஒருக்கா தொடச்சுக்கங்க." துடைத்தார். ஊசி மடலில் பட்டதும் "மெதுவா, மெதுவா" என்று மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். முதல் காதில் சுருக்கென்று முடிந்த வேலை இந்தக் காதில் முடியவே இல்லை. ஊசி இறங்குவது எனக்குள்ளே கேட்டது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. எனக்குப் பின்னால் பையன்கள் பிளக்ஸில் ஏறி, அவரவர் தலைவரைப் பிளேடால் கிழித்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இறங்கிய பிறகு பார்த்தால், நடுவில் நான் மட்டும் கம்மலோடு சிரித்தபடி காற்றில் ஆடிக்கொண்டிருந்தேன்.

கம்மலின் திருகை மாட்டி முடித்ததும் மாமா என் வாயில் கற்கண்டைப் போட்டார். என்னைத் தூக்கி அம்மாவிடம் கொடுத்தார். "ரெண்டு வேளையும் தேங்காயெண்ண போட்டுவிடு" என்றார். அப்பாவைப் பார்க்கவில்லை. அப்பாவும் கரைப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை இலைக்கு முன்னால் உட்கார்ந்தவள் சாப்பிடாமலே எழுந்து போனாள். வேனில் இருந்த எங்கள் கொடியை யாரோ பிடுங்கிக் கருவேலம் புதருக்குள் எறிந்தார்கள்.

வேன் கிளம்பியதும் அம்மா ஒரு தூக்குவாளியில் கறிச்சோற்றை அள்ளிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினாள். வேன் நிற்காமல் போனது. வளைவில் கொஞ்சம் வேகம் குறைந்தது. டிரைவர் பக்கத்து ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு வாளியை வாங்கிக்கொண்டது.

நாங்கள் அண்டா குண்டானோடு ரோட்டுக்கு நடந்து வந்து பஸ் பிடித்தோம். அந்தத் தேர்தலில் எங்கள் தொகுதியில் இரண்டு கட்சியும் தனித்தனியே நின்று தோற்றது வேறு விஷயம். அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. பைக்கில் வரச் சொல்லி மன்றத்து ஆட்கள் கூப்பிட்டும் போகாமல், அப்பா எங்களோடு பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்கார இடம் கிடைத்த பிறகும் உட்காரவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பார், பேசாமல் சட்டைப் பைக்குள் போடுவார். விருதுநகர் வரை இப்படியே வந்தார்.

எனக்கு வலது காது அப்போதே பழகிவிட்டது. இடது காதுதான் விண்விண்ணென்று தெறித்தது. அம்மாவின் மடியில் சாய்ந்துகொண்டு, ஊரெல்லாம் கேட்கிற மாதிரி புகார் சொன்னேன்.

"எல்லாம் மாமாவாலதாம்மா. ஆசாரி அந்தக் காத டக்குனு குத்திட்டாரு, வலிக்கவே இல்ல. இந்தக் காதுக்கு மட்டும் மாமா மெதுவா மெதுவான்னு சொல்லி எம்புட்டு நேரம் ஆக்கிட்டாக! மாமாவுக்கு ஒண்ணுமே தெரியல."

அப்பா திரும்பி, முதன்முறையாக என் காதைப் பார்த்தார். அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். வலித்தது எனக்கு, இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்குக் கோபமாக வந்தது. ரொம்ப நாள் வரைக்கும் மாமாவின் மேலும் அந்தக் கோபம் இருந்தது, வேகமாகக் குத்தவிட்டிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்குமே என்று.