அவருடைய இடது கால்

நான் எங்கேயாவது நடந்து போய்விட்டு வந்து உட்கார்ந்தால், என் வீட்டுக்காரர் எதிரே வந்து குந்திக்கொள்வார். என் முழங்காலுக்குக் கீழே, முன்பக்கத்து எலும்பின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து, மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வருவார். "வலிக்குதா?" என்பார். "இல்ல" என்பேன். எழுந்து போய்விடுவார். ரேஷன் கடைக்குப் போய் வந்தாலும் இதுதான். பட்டாளத்திலிருந்து லீவில் வந்த வருஷங்களிலும் இதுதான். பார்த்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. அது எங்கிருந்து வந்த பழக்கம் என்று எனக்குத் தெரியும்.

அவர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. எழுதினால் தப்பில்லை என்று நினைக்கிறேன். முருகையன். என் அத்தை மகன்; அந்தக் காலத்தில் மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

என் அம்மா செத்த வருஷம் ஆறாவதோடு என் படிப்பு நின்றது. கீழ்பென்னாத்தூரிலிருந்து அப்பா என்னைத் திருவண்ணாமலைக்குக் கூட்டிவந்து, தன் அக்கா ரேணுகாம்பாள் வீட்டில் விட்டார். பேகோபுரத்துக்குப் பின்னால் வீடு. அத்தைக்கு இரண்டு எருமைகள். லாட்ஜுகளுக்குப் பால் ஊற்றிப் பிழைப்பு. சாணி வாருவதும் சமைப்பதும் என் வேலை. "இந்த ஆதிலட்சுமி பேசறதைவிட என் எருமைங்க ஜாஸ்தி பேசும்" என்று அத்தை தெருவில் சொல்லிச் சிரிப்பாள். அது உண்மைதான். பேசாவிட்டால் பார்ப்பதற்கு நிறைய நேரம் கிடைக்கும்.

எழுபத்து மூன்றாம் வருஷம், நான் அங்கே வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. மாமாவுக்குப் பட்டாளத்தில் சேரவேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு கிடையாது. முந்தின வருஷம் வேலூரில் ஆள் எடுத்தபோது ஒரு மைல் ஓட்டத்தில் பின்தங்கித் திரும்பி வந்திருந்தார். இந்த வருஷத்தை விட்டால் வயது தாண்டிவிடும். அத்தை போய் சன்னதியில் நின்று வேண்டிக்கொண்டாள்: ஆள் எடுக்கிற நாள் வரைக்கும் என் பிள்ளை தினமும் வெறும் வயிற்றோடு, வெறும் காலோடு மலையைச் சுற்றுவான்.

மாமா அதில் ஒரு கணக்குப் போட்டார். "நடந்து சுத்தினா நேரம் வீண்மா. ஓடியே சுத்திடறேன். வேண்டுதலும் ஆச்சு, பயிற்சியும் ஆச்சு."

ஓடவேண்டியது ஒரு மைல். அவர் தினமும் ஓடியது மலையைச் சுற்றி ஏறக்குறைய ஒன்பது மைல். அது போதாதென்று சாயங்காலம் சிநேகிதன் நசீர் அகமதுவோடு பள்ளிக்கூட மைதானத்தில் வேறு ஓடினார். நசீரும் பட்டாளத்துக்கு முயன்றுகொண்டிருந்தார்.

முதலில் நான் பார்த்தது, காலையில் பாயிலிருந்து எழும்போது அவர் சுவரைப் பிடித்தது. அப்புறம் வாசற்படி இறங்கும்போது இடது காலைப் பக்கவாட்டில் வைத்து இறங்கினார். சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் காலை மட்டும் நீட்டிக்கொண்டார். ஒருநாள் சொம்பில் தண்ணீர் கொடுக்கும்போது கவனித்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள்பக்கம் வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது.

நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். "அம்மாகிட்ட சொல்லாத" என்றார்.

நான் சொல்லவில்லை. அத்தைக்குத் தானாகவே தெரிந்தது. நொச்சி இலை போட்டு வெந்நீர் வைத்தாள், உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தாள், முட்டை வெள்ளைக்கருவில் உளுத்தமாவு குழைத்துப் பற்றுப் போட்டாள். விடிந்ததும் அந்தப் பற்றோடேயே ஓட அனுப்பினாள். திரும்பி வரும்போது வீக்கம் இன்னும் கூடியிருந்தது.

நசீர் ஒருநாள் வீட்டுக்கு வந்து காலைப் பார்த்தார்.

"அது எப்பிட்றா இடது காலு மட்டும்?"

"தெரியலடா."

"எனக்குத் தெரியுது. மலையைச் சோத்துக்கைப் பக்கமே வெச்சி ஓடற. லாரிக்குப் பயந்து ரோட்டோட இடது ஓரம். ஓரம் பள்ளமா சரியுது. தெனமும் அதே காலு பள்ளத்துல. ஒருநாளாவது திருப்பி ஓடேன்டா."

அத்தை உள்ளேயிருந்து வந்தாள். "இன்னா சொன்ன? அப்பிரதட்சணமா சுத்தறதா? சாமி குத்தத்துக்கு ஆளாவறதா?"

"தப்புதான் பெரியம்மா, தெரியாம சொல்லிட்டேன்" என்று நசீர் காதைப் பிடித்துக்கொண்டார். "வேணும்னா அவனுக்கு பதில் நான் எதிர்ப்பக்கம் ஓடறேன். எங்க ஆளுங்களும் என்னைத் திட்டுவாங்க, உங்க ஆளுங்களும் திட்டுவாங்க. கணக்கு சரியாப்பூடும்."

அத்தை சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருக்கு மோர் கொண்டுவரப் போனாள்.

நசீர்தான் வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எலும்பு முறியவில்லை, ஆனால் இப்படியே ஓடினால் கீறல் விட்டுவிடும், ஆள் எடுக்கிறதுக்கு ஒரு வாரம் இருக்கிற வரைக்கும் ஓடக்கூடாது, தூரமாக நடக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

"டாக்டருக்கு இன்னா தெரியும், நான் சாமிகிட்ட வாக்குக் குடுத்தது?" என்றாள் அத்தை. "பாதியில நிறுத்தினா வேலையும் போவும், காலும் போவும்."

"நிறுத்தலன்னா ஓட்டத்துல விழுந்துடுவேன்மா. போன தடவை பின்னாடி வந்தேன். இந்தத் தடவை நொண்டிகினு வருவேன்."

அத்தை புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொடுத்த வாக்கை மீற அவளுக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் காலைப் பார்க்கவும் முடியவில்லை. கோபித்துக்கொண்டிருந்தாலும், அவள் பயந்துபோயிருந்தாள் என்று எனக்குத் தெரிந்தது.

அடுத்த தெரு சந்திரகலாவின் ஞாபகம் எனக்கு வந்தது. ஆடிமாதம் அவளுக்குப் பேறுகாலம் வந்துவிட, அவள் எடுக்கவேண்டிய பால்குடத்தை அவள் மாமியார் எடுத்தாள். தெருவே போய்க் கும்பிட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

"நான் சுத்தறேன் அத்தை" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னது யார் என்று தேடுகிற மாதிரி இருந்தது.

"நீயா? தேரடியத் தாண்டித் தனியாப் போனதில்ல. நாய் குலைச்சா கதவைச் சாத்திக்குவ" என்றாள் அத்தை.

"சந்திரகலாவுக்காக அவங்க மாமியார் பால்குடம் எடுத்தாங்களே."

அத்தை எழுந்து போய்க் கைகால் கழுவிக்கொண்டு வந்தாள். பிறகு சூடம் ஏற்றி, மலையைப் பார்த்து, "அவனுக்கு பதில் இந்தப் பொண்ணு வருது, ஏத்துக்கோ" என்று சொன்னாள். என் நெற்றியில் விபூதி பூசினாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கிளம்பினேன். அப்போதெல்லாம் பௌர்ணமியிலும் இன்று போலக் கூட்டம் கிடையாது. மற்ற நாளில் கேட்கவே வேண்டாம். செங்கம் ரோடு வரைக்கும் ஆட்கள் இருந்தார்கள்; தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். ரமணாசிரமத்தைத் தாண்டி வலப்பக்கம் திரும்பியதும் புளியமரங்களும் நானும்தான். குரங்குக் கூட்டம் ஒன்று ரோட்டில் உட்கார்ந்திருந்தது. நின்றேன். அழுகை வந்தது. ஒரு சாமியார் மரத்தடியிலிருந்து, "அதுங்க பாட்டுக்கு இருக்கும், நீ பாட்டுக்குப் போம்மா" என்றார். போனேன். அடி அண்ணாமலை வந்தபோது வெயில் ஏறிவிட்டது. நசீர் சொன்னது சரிதான், ரோட்டோரம் இடதுபக்கமாகச் சரிந்திருந்தது. நான் நடுவில் நடந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மாமா முக்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தார். என் வேலை எல்லாவற்றையும் உட்கார்ந்தபடியே செய்திருந்தார். களி கட்டி கட்டியாக இருந்தது. அவருக்காகக் காய்ச்சிய நொச்சித் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

"கால வை."

வைத்தேன். முறைப் பெண்ணின் காலைத் தொட்டால் அத்தை சும்மா இருக்கமாட்டாள். அதனால் தள்ளி உட்கார்ந்தே சொல்லிக்கொடுத்தார்.

"எலும்போரமா கட்டைவிரலால அமுக்கிப் பாரு. இன்னும் கீழ. வலிக்குதா?"

"இல்ல."

"வலிச்சா அன்னிக்கே சொல்லிடணும். என்னை மாதிரி மறைக்கக்கூடாது."

தினமும் நான் சுற்றினேன், தினமும் அவர் கேட்டார். களியும் நாளடைவில் கட்டியில்லாமல் வந்தது. வீக்கம் வடிந்தது. அவர் சுவரைப் பிடிக்காமல் எழுந்ததை ஒருநாள் நான்தான் முதலில் பார்த்தேன். கடைசி வாரத்தில் நசீர் அவரை வற்றிய ஏரிக்குக் கூட்டிப்போய் மெத்தென்ற மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடவிட்டார். ஒருநாள் வலச்சுற்று, ஒருநாள் இடச்சுற்று. ஏரியில் சாமி குற்றம் இல்லை என்று அத்தையே சொல்லிவிட்டாள்.

ஆனால் இத்தனை நாள் ஓடாமல் இருந்ததில் மூச்சு தாங்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. வேலூருக்கு முதல் பஸ்ஸில் இருவரும் போனார்கள். அன்றும் நான் மலையைச் சுற்றினேன். இருட்டுகிற நேரத்தில் நசீர் மட்டும் தெருமுனையில் வந்தார்.

அத்தை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எங்கடா அவன்? கால் போச்சா?"

"உன் புள்ளைய அங்கியே வெச்சிக்கினாங்க பெரியம்மா. நாளைக்கு மெடிக்கல். என்னைத்தான் திருப்பி அனுப்பிட்டாங்க. நெஞ்சு அளவு கம்மியாம். ஓட்டத்துல அவனைவிட நான்தான் முன்னாடி, கேட்டுப் பாரு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தை எழுந்து அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டாள்.

மெடிக்கலில் டாக்டர் எலும்போரமாக அமுக்கி, வலிக்கிறதா என்று கேட்டாராம். "இல்லன்னேன். பொய்யில்ல, நெஜமாவே வலிக்கல" என்று மாமா வந்து சொன்னார். அத்தையைப் பார்த்துச் சொன்னாலும், எனக்காகச் சொன்னது என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு வருஷம் கழித்து எங்களுக்குக் கல்யாணம் ஆனது. அதற்குப் பிறகுதான் அவரே என் காலை அமுக்கிப் பார்க்க ஆரம்பித்தார்.

போன வருஷம் பென்ஷனோடு வீட்டுக்கு வந்துவிட்டார். அத்தைக்குக் கண் மங்கிவிட்டது. எருமை இப்போது ஒன்றுதான். நசீர் தேரடிப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். குளிர் நாளில் என் வீட்டுக்காரருடைய இடது கால் கொஞ்சம் நோகிறது, மறைக்காமல் சொல்லிவிடுகிறார். செவ்வாய்க்கிழமைகளில் நான் மலையைச் சுற்றிவிட்டு வருகிறேன். அவர் களி கிண்டி வைத்திருக்கிறார்.