மீன் குடலும் என் குடலும்

மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தில், திறந்திருந்த காரில் தானாக ஏறி உட்கார்ந்துகொண்ட பெட்டை நாயைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிவந்தோம். வந்ததிலிருந்து அது சாப்பிடவில்லை. நான் கிருமிகளைப் பற்றி நிறையப் படித்தவன். படித்த அளவுக்குப் பயமும் உண்டு. மீனோ கோழியோ, மஞ்சள்தூள் போட்டுக் குழைய வேகவைத்து, முள் எலும்பு நீக்கி, ஆறவைத்துத்தான் வைப்பேன். அது முகர்ந்துவிட்டு என்னைப் பார்க்கும். பத்திரிகை ஆசிரியர்கள் என் கட்டுரையைப் படித்துவிட்டுப் பார்க்கிற அதே பார்வை. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

"ஆசையா இட்டாந்து பட்டினி போட்டே சாவடிக்கப் போறோம். கொண்டுபோய் அங்கயே வுட்டுடலாம்" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய் மூக்கைச் சிந்தினாள்.

ஞாயிறு காலை போனோம். மணலில் ஒரு அம்மா மீன் அரிந்துகொண்டிருந்தார். அவர் வீசிய பச்சைக் குடலை எங்கள் நாய் பாய்ந்து விழுங்கியது. நான் அலறினேன்.

"இன்னாத்துக்கு சார் கூவுற? வூட்ல இன்னாதான் போடுவ?"

சொன்னேன்.

"மஞ்சத்தூளு போட்டு அவிச்சா? ஏன், புள்ள பெத்துகினு வந்துகீதா அது?"

சுற்றி மீன் வாங்க நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும்.

கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டேன்.

"பயப்படாதீங்க சார். நாய் வயித்துல ஆசிட் ரொம்ப ஸ்ட்ராங். முக்காவாசி கிருமி அங்கயே செத்துடும். குடலும் சின்னது, மிச்சம் உக்காந்து குடும்பம் நடத்துறதுக்குள்ள வெளிய தள்ளிடும். அதுக்காகக் கெட்டுப்போனத போடாதீங்க, சில நேரம் அதுக்கும் ஒத்துக்காது. வாந்தி, சோர்வு இருந்தா தூக்கிட்டு வாங்க. முக்கியமா, அது கைய நக்குனா சோப்பு போட்டுக் கழுவுங்க."

கடைசி வாக்கியம் காதில் விழுந்தபோது, நாய் நன்றியோடு நக்கிய கையால், கடற்கரையில் வாங்கிய மாங்காய்க் கீற்றை மிளகாய்ப்பொடியில் தோய்த்துத் தின்று முடித்திருந்தேன்.

விட்டுவிட்டு வரப் போனவர்கள், கண்காணிக்க வேண்டுமே என்று அதை மறுபடி காரில் ஏற்றினோம்.

மறுநாள் வாந்தியும் சோர்வும் சொன்னபடியே வந்தன, எனக்கு. நாய் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. மனைவி கொடுத்த கஞ்சியை ஒரு வாய்க்கு மேல் இறக்க முடியாமல் கட்டிலடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினேன். சளக் சளக்கென்று சத்தம். எட்டிப் பார்த்தால் கிண்ணத்தில் பாதி இல்லை.

"இங்க வாயேன், சாப்புடுது!" என்று கத்தினேன். அத்தனை தெம்பு எங்கிருந்து வந்ததோ.

மனைவி ஓடிவந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா, கண்ணு?" என்றாள்.

நாயைத்தான் கேட்டாள்.