முதுகில் சுமந்த தண்ணீர்

பழவேற்காட்டிலிருந்து பசியாவரம் போகும் படகு, ஏரி நடுவே சேற்றில் தட்டி நிற்கிறது. உச்சி வெயில். முதுகில் மாட்டியிருந்த ராணுவ ரப்பர் தண்ணீர்ப் பையைப் பெருமையோடு இறக்கி, பக்கத்திலிருக்கும் குப்பம்மாவிடம் நீட்டுகிறேன். மகள் கல்யாணத்துக்குக் குடம் குடமாக நல்ல தண்ணீர் கொண்டுபோகிறவள் அவள். அதன் குழாயில் ஒரு வாய் உறிஞ்சி ஏரியில் துப்புகிறாள்.

"இன்னா சார், டயர் ஊறவெச்ச தண்ணியா? பையைக் கழுவவே மாட்டியா?"

"உள்ளே கை நுழையாதும்மா."

"கை நுழையாததையா வாய்ல வெக்கிற?"

கல்யாணக் குடத்திலிருந்து எனக்கு ஒரு சொம்பு மொண்டு தருகிறாள். குடித்துவிட்டு, எல்லோரோடும் இறங்கிப் படகைத் தள்ளுகிறேன்.

கரையில், உப்புச் சேறு அப்பிய காலை என் முன் நீட்டுகிறாள் குப்பம்மா.

"அந்த டயர் தண்ணிய இங்க ஊத்து சார். காலுக்கு ருசி தெரியாது."

பையின் குழாயைத் திறக்கிறேன். படகில் வந்த அத்தனை பேரும் அவள் பின்னால் வரிசையில் நிற்கிறார்கள்.